டிஏபி: ஆன்டிபாடி தேர்வுக்கான இலவசக் கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பாக்டீரியா வைரஸ்களின் மேல் ஆன்டிபாடிகளை ஏந்தவைத்துத் தேடும் ஃபேஜ் டிஸ்ப்ளேயில், பேனிங் என்ற சலித்தெடுக்கும் சுற்று மூன்று நான்கு முடிந்ததும், இலக்குப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி வரிசைகள் முப்பது, நாற்பது என்று கைக்கு வந்துவிடும். அத்தனைக்கும் ஜீன் ஆர்டர் செய்து, செல்லில் வளர்த்து, சுத்திகரித்துப் பார்ப்பது பெரிய கம்பெனிகளுக்கே செலவுதான். தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஐந்தாறைத் தாண்டினால் திட்ட நிதி தாங்காது. அந்த ஐந்தாறு எவை என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பல திட்டங்கள் தடம் மாறுகின்றன. பிணைப்பை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் எது அடர்ந்த நிறம் காட்டியதோ அதையே எடுத்துக்கொண்டு போவார்கள். பல மாதம் கழித்து, செறிவூட்டிய குப்பியின் அடியில் அது வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

இந்த இடத்துக்கென்றே உள்ள இலவச இணையக் கருவி, தெரப்யூட்டிக் ஆன்டிபாடி ப்ரொஃபைலர். சுருக்கமாக டிஏபி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரதத் தகவலியல் குழு இதை நடத்துகிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஜீன் ஆர்டர் போடுவதற்கு முன் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய கருவி இது. ஆனால் அறிக்கையில் சிவப்பு வந்துவிட்டது என்று ஒரு வரிசையைத் தூக்கி எறியவும், பச்சை வந்துவிட்டது என்று கண்ணை மூடி எடுக்கவும் இது போதாது. வெப்பம் தாங்குமா என்ற கேள்விக்கு இதனிடம் பதிலே கிடையாது. காவிரி டெல்டாவில் பயன்படப்போகும் மருந்துக்கு அதுதான் முதல் கேள்வி.

நன்றாகப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடி மருந்தாகத் தேற இன்னும் என்ன வேண்டும்? உற்பத்திச் செல் அதை லிட்டருக்குக் கிராம் கணக்கில் சுரக்க வேண்டும். சுத்திகரிப்பில் ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஏ ரெசினிலிருந்து இறக்கிய பிறகு, வைரஸைச் செயலிழக்க வைப்பதற்காக பிஹெச் 3.5 அளவில் ஒரு மணி நேரம் வைப்பார்கள்; அதில் உருக்குலையக் கூடாது. தோலுக்கடியில் போடும் ஊசி என்றால் மொத்த டோஸும் ஒன்றிரண்டு மில்லிக்குள் அடங்க வேண்டும், அதற்கு மில்லிக்கு 100 மில்லிகிராம், அதற்கு மேலும்கூடச் செறிவூட்ட வேண்டிவரும். அந்தச் செறிவில் பாகுத்தன்மை 20 சென்டிபாய்ஸைத் தாண்டினால் ஊசி போடுவதே சிரமம். ஆன்டிபாடி மருந்தான அடலிமுமாப் முதலில் 40 மில்லிகிராம் டோஸை 0.8 மில்லியில் கொடுத்தது, பின்னர் அதே டோஸை 0.4 மில்லியில் அடக்கினார்கள். மூலக்கூறு இடம்கொடுத்ததால்தான் அது முடிந்தது. கடைசியாக, உடலுக்குள் போன பிறகு இலக்கைத் தவிர வேறெதிலும் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

இவற்றை அளக்க முடியும் என்பதற்கு அடித்தளம் போட்டது 2017இல் வந்த அடிமாப் நிறுவனத்தாரின் ஆய்வு. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டச் சோதனையில் இருந்தவையும் அங்கீகாரம் பெற்றவையுமாக 137 ஆன்டிபாடிகளை எடுத்து, எல்லாவற்றையும் ஐஜிஜி1 என்ற ஒரே ஆன்டிபாடி வகையின் வடிவில் தயாரித்து, 12 சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அங்கீகாரம் பெற்றவற்றில் மிக மோசமான பத்து விழுக்காடு எங்கே தொடங்குகிறதோ அதை எச்சரிக்கைக் கோடாக வைத்தார்கள். அங்கீகாரம் பெற்றவற்றுக்கு எச்சரிக்கைகள் குறைவு, இன்னும் சோதனையில் இருந்தவற்றுக்கு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு குழு 2019இல் செய்தது அதே தர்க்கத்தின் கணினி வடிவம்: முதல் கட்டத்தைத் தாண்டிய 242 ஆன்டிபாடிகளின் மாதிரி வடிவங்களைக் கட்டி, ஐந்து அளவுகளில் அவை எந்த வரம்புக்குள் இருக்கின்றன என்று பார்த்து, உங்கள் வரிசையை அந்த வரம்போடு ஒப்பிட்டுச் சொல்வது. வரம்பின் ஓர ஐந்து விழுக்காட்டுக்குள் விழுந்தால் மஞ்சள், இதுவரை எந்த மருந்திலும் காணாத அளவுக்கு வெளியே போனால் சிவப்பு.

பயன்படுத்துவது எளிது, கெடுப்பதும் எளிது. ஆன்டிபாடி ஹெவி, லைட் என்ற இரண்டு வகைச் சங்கிலிகளால் ஆனது; இலக்கைப் பிடிப்பது அவற்றின் மாறும் பகுதி. ஹெவி செயினின் மாறும் பகுதி ஒரு பெட்டியில், லைட் செயினின் மாறும் பகுதி இன்னொரு பெட்டியில், இரண்டும் அமினோ அமில எழுத்துகளாக. வருகிற வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் கண்ணால் பாருங்கள். ஹெவி பகுதி பெரும்பாலும் குளூட்டமிக் அமிலத்திலோ குளூட்டமினிலோ தொடங்கி, அடுத்தடுத்து இரண்டு செரின்களில் முடியும். நீளம் ஏறக்குறைய 115 முதல் 125 வரை. லைட் செயின் கப்பா, லாம்டா என்று இரு வகை; கப்பா என்றால் வழக்கமாக லைசினிலும், லாம்டா என்றால் லியூசினிலும் முடியும். நீளம் 107 முதல் 112 வரை. தொடக்கத்தில் மெத்தியோனினும் அதைத் தொடர்ந்து வரிசையாக லியூசின்களும் தெரிந்தால் வெக்டரின் சிக்னல் பெப்டைடு (புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் முன்துண்டு) ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு மாறும் பகுதிகளையும் ஒரே சங்கிலியாக இணைத்த எஸ்சிஎஃப்வி குளோனில் கிளைசின்-செரின் இணைப்பு, ஹிஸ்டிடின் வால் எல்லாம் சேர்ந்து வரும். அனைத்தையும் வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஃபேஜ் நூலகத்திலிருந்து வரும் வரிசைகளில் இன்னொரு பொறி உண்டு, இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். டிஜி1 வகை ஈ.கோலை, டிஏஜி என்ற நிறுத்தக் குறியீட்டை குளூட்டமின் என்று படித்துவிடும். அதனால் இலக்கைத் தொடும் வளையமான சிடிஆரின் நடுவே நிறுத்தக் குறியீடு உள்ள குளோன்கூட ஃபேஜில் நன்றாகப் பிடித்துக் காட்டும். மென்பொருளில் மொழிபெயர்த்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி தெரியும், டிஏபிக்குக் கொடுக்க முடியாது. சிலர் அந்தக் குறியை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள்; அப்போது ஓர் எழுத்து குறைந்த, இல்லாத ஆன்டிபாடிக்குத்தான் அறிக்கை வரும். அந்த இடத்தில் குளூட்டமின் என்று எழுதிக் கொடுங்கள், ஜீன் ஆர்டர் செய்யும்போதும் குளூட்டமினுக்குரிய குறியீட்டையே போடுங்கள். விட்டால் ஆன்டிபாடி தயாரிக்கப் பயன்படும் எச்இகே என்ற மனிதச் செல்லில் புரதம் பாதியில் நின்றுவிடும்.

இனி ஐந்து அளவுகள். முதலாவது, ஆறு சிடிஆர்களின் மொத்த நீளம். நீளம் கூடினால் நெகிழ்வு கூடும், திரள வாய்ப்பு கூடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; பெரும்பாலும் ஹெவி செயினின் மூன்றாவது சிடிஆரான ஹெச்3 வளையம்தான் இதை முடிவு செய்கிறது.

இரண்டாவதுதான் கருவியின் உயிர்: சிடிஆர் பரப்பிலும் அதை ஒட்டிய இடங்களிலும் நீர்விலக்கு அமினோ அமிலங்கள் ஒன்றாகச் சேர்ந்து திட்டாக நிற்கின்றனவா என்ற கணக்கு. வரிசையில் எத்தனை டிரிப்டோபேன் இருக்கிறது என்று எண்ணுவதல்ல. மடிந்த வடிவத்தில் 7.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) நிற்கும் இணைகளை எடுத்து, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டுகிறது. அதனால் தள்ளித் தள்ளி நிற்கும் நான்கு டிரிப்டோபேன்களைவிட அருகருகே நிற்கும் இரண்டும் ஒரு ஃபீனைல்அலனினும் அதிக மதிப்பெண் வாங்கிவிடலாம். நடைமுறையிலும் அப்படித்தான், திட்டுதான் திட்டோடு ஒட்டும்.

இதற்கு நல்ல சான்று எம்இடிஐ-1912. நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் இந்த ஆன்டிபாடியைப் பிணைப்புத் திறன் கூடும்படி மெருகேற்றினார்கள். பிணைப்பு கூடியது, கூடவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் வந்தது, விலங்கின் ரத்தத்திலிருந்தும் வேகமாக வெளியேறியது. ஹெவி செயினில் மூன்று இடங்கள் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்: 30ஆம் இடத்து டிரிப்டோபேன், 31ஆம் இடத்து ஃபீனைல்அலனின், 56ஆம் இடத்து லியூசின். இவற்றை முறையே செரின், திரியோனின், திரியோனின் என்று மாற்றியதும் ஒட்டுவது நின்றது, பிணைப்புத் திறன் பைக்கோமோலார் அளவிலேயே நிலைத்தது. டிஏபியின் நீர்விலக்குத் திட்டு அளவு, மாற்றுவதற்கு முந்தைய வடிவத்துக்குச் சிவப்பு காட்டியது, மாற்றிய வடிவத்துக்குக் காட்டவில்லை. ஆகவே இந்த அளவில் சிவப்பு வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை வரிசையைக் கைவிடுவதல்ல. மாதிரி வடிவத்தைத் திரையில் திறந்து, திட்டில் நிற்கும் மூன்று நான்கு அமிலங்களில் எது இலக்கைத் தொடாமல் சும்மா நிற்கிறது என்று தேடுவது. தொடாததை மாற்றி, மாற்றிய வரிசையை மறுபடி கொடுத்துப் பாருங்கள். ஜீன் ஆர்டரில் மூல வடிவம் ஒன்று, மாற்றிய வடிவம் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது செலவைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் பின்னால் திரும்பி வருவதைவிடச் சிக்கனம்.

மூன்றாவது நேர்மின் திட்டு, நான்காவது எதிர்மின் திட்டு. நேர்மின் திட்டு பெரிதானால் செல் சவ்வுகளிலும் டிஎன்ஏ போன்ற எதிர்மின் பொருள்களிலும் கண்டபடி ஒட்டி, உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும். எதிர்மின் திட்டு பெரிதானால் அதிகச் செறிவில் பாகுத்தன்மை ஏறுவதைப் பல மூலக்கூறுகளில் பார்க்கலாம். ஐந்தாவது, ஹெவி பகுதியின் நிகர மின்சுமையையும் லைட் பகுதியின் நிகர மின்சுமையையும் பெருக்கி வரும் எண். ஹெவி கூட்டல் 4, லைட் கழித்தல் 3 என்றால் பெருக்கல் கழித்தல் 12. ஒரு மூலக்கூறின் ஹெவி பக்கம் பக்கத்து மூலக்கூறின் லைட் பக்கத்தை இழுக்கும், செறிவு ஏற ஏற அது பாகாகக் கெட்டிப்படும். இரண்டுமே கூட்டல் 2 என்றால் பெருக்கல் கூட்டல் 4, கவலையில்லை. எண் கழித்தல் பக்கம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கருவி எங்கே வழிதவறும்? வடிவ மாதிரியில். வரிசையிலிருந்து மாதிரி வடிவத்தைக் கட்ட இப்போது பின்னால் ஓடும் ஏபாடிபில்டர்2 நல்ல கருவிதான், ஆனால் ஹெச்3 வளையத்தில் அதன் சராசரிப் பிழை 2.8 ஆங்ஸ்ட்ராம். 7.5 ஆங்ஸ்ட்ராம் வரம்பில் கணக்கிடும் ஓர் அளவுக்கு அது சிறிய பிழை அல்ல. ஹெச்3 நீளமாக இருந்து, அதன் நுனியில் டைரோசின்களும் டிரிப்டோபேனும் இருந்தால், வளையம் எந்தப் பக்கம் மடிகிறது என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஆடும். ஏபாடிபில்டர்2 நான்கு மாதிரிகளைக் கட்டி, அவை எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை ஒவ்வொரு அமிலத்துக்கும் பிழை மதிப்பீடாகத் தருகிறது. எச்சரிக்கை வந்த இடத்தில் அந்தப் பிழை மதிப்பீடும் அதிகம் என்றால், சிவப்பையும் மஞ்சளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுங்கள். எல்லைக்கோட்டுக்கு ஒட்டி நிற்கும் மதிப்பெண்ணில் தசமப் புள்ளியைப் பார்த்து வரிசைப்படுத்துவது வீண்.

இன்னொன்று, ஒப்பீட்டுக் கூட்டத்தின் சாய்வு. இதுவரை வந்த மருந்துகளில் மிகப் பெரும்பான்மை கப்பா லைட் செயின். மனித ரத்தத்தில் லாம்டா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்டு. கப்பாக்கள் நிறைந்த கூட்டத்தோடு ஒப்பிடும்போது லாம்டா ஆன்டிபாடிகளுக்கு எச்சரிக்கை அதிகம் விழுகிறது. 2024இல் அதே குழுவே இதை ஆராய்ந்து, குறைந்த ஆபத்துள்ள லாம்டாக்கள் ஏராளம், அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டாம் என்று காட்டியது. மனிதரிடமிருந்து, அதாவது நோயிலிருந்து மீண்டவரின் பி செல்களிலிருந்து எடுத்த வரிசைகளுக்கு இது முக்கியம். ஒட்டக வகையின் ஒற்றைச் செயின் நானோபாடிகளை இங்கே கொண்டுவராதீர்கள். ஹெவி, லைட் இரண்டும் உள்ளவற்றுக்குத்தான் இந்த ஐந்து அளவுகள்.

அடுத்தது, ஐந்து அளவுகளின் கணக்குக்குள் வராதவை. முதலில் ரசாயனப் பலவீனங்கள். சிடிஆரில் அஸ்பராஜினுக்கு அடுத்து கிளைசின் வந்தால் டீஅமிடேஷன் (அஸ்பராஜின் சிதைந்து வேறு அமிலமாவது) வேகமாக நடக்கும். அஸ்பராஜினுக்கு அடுத்து செரின் வந்தால் அதைவிட மெதுவாக. அஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்து கிளைசின் வந்தால் ஐசோமெரைசேஷன் (அமிலத்தின் அமைப்பு மாறிப்போவது). இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. டீஅமிடேஷனைக் குறைக்க பிஹெச்சை 5.5 பக்கம் இறக்கினால் ஐசோமெரைசேஷன் வேகமெடுக்கும். ஆகவே இரண்டு பலவீனமும் ஒரே வரிசையின் சிடிஆரில் இருந்தால் பஃபரால் தப்பிக்க வழியில்லை, ஒன்றையாவது வரிசையிலேயே திருத்த வேண்டும். அஸ்பராஜின், நடுவில் புரோலின் அல்லாத ஏதோ ஒன்று, பிறகு செரின் அல்லது திரியோனின் என்ற மூன்றெழுத்து அமைப்பு இருந்தால் அங்கே சர்க்கரைச் சங்கிலி ஏறிக்கொள்ளும். புற்றுநோய் மருந்தான செடுக்ஸிமாபின் ஹெவி மாறும் பகுதியில் அப்படி ஏறிய சங்கிலியில் ஆல்ஃபா-கேலக்டோஸ் இருந்ததால், அமெரிக்காவின் தென்கிழக்கில் சிலருக்கு முதல் டோஸிலேயே கடும் ஒவ்வாமை வந்தது. ஜோடி இல்லாத சிஸ்டீன், வெளியே தெரியும் மெத்தியோனின், டிரிப்டோபேன் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் கருவியே தேவையில்லை. வரிசையை அச்செடுத்து, சிடிஆர் பகுதிகளுக்கு அடிக்கோடிட்டு, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாலே போதும்.

பலவற்றோடும் ஒட்டும் குணத்தையும், நோயாளியின் உடல் மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும் வாய்ப்பையும் டிஏபி அளப்பதில்லை. கொழுப்பைக் குறைக்க வந்த பொகோசிஸுமாபை ஃபைசர் 2016இல் கைவிட்டது. கிட்டத்தட்ட பாதி நோயாளிகளிடம் மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி தோன்றி, அதன் பலன் தேய்ந்துபோனது ஒரு முக்கியக் காரணம். மூன்றாம் கட்டம்வரை செலவழித்த பிறகு வந்த தோல்வி அது. வரிசை எவ்வளவு மனிதத்தன்மை கொண்டது என்று பார்க்க பயோஃபை, கரையும் தன்மையைப் பார்க்க காம்சால் என்று வேறு கருவிகள் உண்டு. டிஏபி அறிக்கையோடு இவற்றின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இனி வெப்பம். ராபீஸுக்கான ஒற்றை ஆன்டிபாடி மருந்தான ராபிஷீல்டு இந்தியாவில் வந்துவிட்டது. குதிரையின் இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 40 அலகு, மனித இம்யூனோகுளோபுலின் 20 அலகு தேவைப்படும் இடத்தில் இது 3.33 அலகு போதும். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காக்க வேண்டியது. பாம்புக்கடிக்கு இன்றும் குதிரையிலிருந்து வரும் மருந்துதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து, பெரும்பாலும் உறைஉலர்த்திய தூளாக, 10 மில்லி குப்பியில். தூளாக இருப்பதால்தான் ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியில் அது தாக்குப்பிடிக்கிறது. நாகம், கட்டுவிரியன் வகைகளின் நீள்சங்கிலி நரம்பு நச்சை அடக்கும் 95மேட்5 என்ற ஆன்டிபாடி 2024இல் வெளியானதிலிருந்து, இந்தத் துறையில் இறங்க நினைக்கும் இளம் ஆய்வாளர்கள் பெருகியிருக்கிறார்கள். டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு எதுவும் இல்லை; நடவிலும் அறுவடையிலும் கடிபடுவது வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள்தான். அப்படியானால் தேர்வு அளவுகோலும் அந்த வயலுக்குப் பக்கத்திலுள்ள மருத்துவமனையிலிருந்துதான் வர வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த வாரங்களிலும் வேலை செய்யும் மருந்துதான் இங்கே மருந்து. ஆடுதுறையில் நெல் ரகம் தேர்ந்தெடுப்பவர்கள் மகசூலோடு சாயாத்தண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பிணைப்புத் திறனை மட்டும் பார்த்து ஆன்டிபாடி எடுப்பது சாயும் ரகத்தை விதைப்பதற்குச் சமம்.

நல்ல செய்தி, இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல கல்லூரிகளில் இருக்கும் ஆர்டி-பிசிஆர் கருவியே உருகுநிலை, அதாவது புரதம் சூட்டில் உருக்குலையும் வெப்பநிலை, அளக்கும் கருவி. புரதத்தை மில்லிக்கு 0.2 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்து, உருக்குலைந்த புரதத்தில் ஒட்டி ஒளிரும் சைப்ரோ ஆரஞ்சு சாயத்தை 5 எக்ஸ் அளவில் சேர்த்து, கிணறுக்கு 25 மைக்ரோலிட்டர் ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 25இலிருந்து 95 டிகிரிவரை ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கிணறு, கூடவே புரதமில்லாத பஃபர் மட்டும் மூன்று கிணறு. பஃபரில் பாலிசார்பேட் இருக்கக் கூடாது. சாயம் அதன் மைசெல்களில் ஒட்டி, தொடக்கத்திலேயே ஒளி உச்சத்துக்குப் போய்விடும், வளைவே கிடைக்காது. பிஹெச் 7.4இல் மட்டும் நிறுத்தாமல், மருந்து உண்மையில் இருக்கப்போகும் 5.5 முதல் 6 வரையிலான ஹிஸ்டிடின் பஃபரிலும் அளங்கள். ஐஜிஜி1இன் மாறாத பகுதிகளில் ஒன்றான சிஹெச்2 ஏறக்குறைய 70 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே, 65க்குக் கீழே ஓர் ஏற்றம் தெரிந்தால் அது உங்கள் மாறும் பகுதி உள்ள ஃபேப் துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசையை டெல்டாவுக்கான பட்டியலில் கீழே இறக்குங்கள், டிஏபி ஐந்து பச்சை காட்டியிருந்தாலும்.

உருகுநிலை நல்லதாக இருந்தும் திரள்பவை உண்டு. அதற்கு 40 டிகிரி சோதனை. 2017 ஆய்வில் செய்ததுபோல மில்லிக்கு ஒரு மில்லிகிராம் அளவில் 30 நாள் இன்குபேட்டரில் வைத்து, இடையிடையே எடுத்து, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் எஸ்இசியில் ஓட்டி, திரள் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அந்த ஆய்வின் எச்சரிக்கைக் கோடு நாளுக்கு 0.08 விழுக்காடு. குளிர்நாட்டில் இது முடுக்கிவிட்ட சோதனை. கத்திரி வெயிலில் குளிர்பெட்டி நின்றுபோன திருச்சி அறைக்கு இது சாதாரண வெப்பநிலை, அதனால் இந்த எண்ணுக்கு இங்கே கூடுதல் மதிப்புக் கொடுக்கிறோம். குழாய்களை நன்றாக மூடி பாராஃபிலிம் சுற்றாவிட்டால் நீர் ஆவியாகிச் செறிவு ஏறி, திரளாத ஆன்டிபாடியும் திரண்டதுபோலத் தெரியும். எஸ்இசியில் இன்னொரு ஏமாற்று உண்டு: ஒட்டும் குணமுள்ள ஆன்டிபாடி ரெசினிலேயே தங்கிவிட, வெளியே வந்த மிச்சம் 99 விழுக்காடு மோனோமர் (திரளாத தனி மூலக்கூறு) என்று காட்டும். விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் மொத்தப் பரப்பு முதல் நாளோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

செறிவூட்டினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே அறிய, புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் பாலிமரான பிஇஜி கொண்டு செய்யும் சோதனை மலிவானது. பிஇஜி 6000ஐ 0இலிருந்து 16 விழுக்காடுவரை படிப்படியாக ஏற்றிய கிணறுகளில் ஒரே அளவு புரதத்தைச் சேர்த்து, கலங்கலை 350 நானோமீட்டரில் அளந்தால், எது முதலில் கலங்குகிறதோ அதுதான் கரையும் தன்மையில் கடைசி. இது தனி எண்ணாக எதையும் சொல்லாது, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்த ஆன்டிபாடிகளைத் தரவரிசைப்படுத்த மட்டும் பயன்படும். பலவற்றோடு ஒட்டும் குணத்துக்கு டிஎன்ஏ, இன்சுலின், எல்பிஎஸ் (பாக்டீரியா உறைப் பொருள்), கேஎல்ஹெச் (நத்தை வகைப் புரதம்) பூசிய கிணறுகளில் சாதாரண எலைசா. மில்லிக்கு 10 மைக்ரோகிராம் அளவில் ஆன்டிபாடி, நன்கு ஒட்டும் என்று தெரிந்த ஒன்றும் ஒட்டாது என்று தெரிந்த ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம். பிளாக்கிங் சரியில்லாவிட்டால் எல்லாமே ஒட்டும், யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் ஓர் ஆன்டிபாடிக்கு ஐந்தாறு மில்லிகிராம் சுத்தப் புரதம் இருந்தால் போதும். 30 மில்லி எச்இகே வளர்ப்பில் அது கிடைக்காவிட்டால், அந்த விளைச்சலே ஒரு முடிவு. குறைவாகச் சுரக்கும் வரிசையைப் பின்னால் தேற்றுவது கடினம்.

டிஏபிக்குத் திரும்பினால், பயன்படுத்தும் வரிசைமுறை இப்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. நாற்பது வரிசையில் பேனாவால் வட்டமிடும் வேலை முதலில். ஜோடியில்லாத சிஸ்டீன், சிடிஆரில் சர்க்கரை ஏறும் இடம் உள்ளவை அங்கேயே கீழே போகும். மிச்சத்தை டிஏபியில் ஓட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட சிவப்பு உள்ளவற்றைத் தள்ளிவையுங்கள். ஒரே சிவப்பு உள்ளவற்றில், வேறெந்த வரிசையும் தொடாத எபிடோப்பை (இலக்கில் ஆன்டிபாடி ஒட்டும் இடத்தை) தொடும் ஒன்று இருந்தால் திருத்திய வடிவத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதி ஆறில் ஒரே ஹெச்3 குடும்பத்திலிருந்து இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு குடும்பம் திரண்டால் எல்லாம் சேர்ந்து திரளும். சூட்டுச் சோதனை முடிவு வந்த பிறகு பிணைப்புத் திறனைப் பாருங்கள். ஒரு நானோமோலாருக்கும் 0.3 நானோமோலாருக்கும் (எண் குறைந்தால் பிடி இறுக்கம்) உள்ள வேறுபாடு, பத்து டிகிரி உருகுநிலை வேறுபாட்டுக்கு ஈடாகாது.

குறைகள் இரண்டைச் சொல்ல வேண்டும். உங்கள் வரிசை வெளி சர்வருக்குப் போகிறது. காப்புரிமை விண்ணப்பம் போடாத வரிசை என்றால் பயன்பாட்டு விதிகளைப் படித்து, வழிகாட்டியிடமும் பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவிலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தொழில்முறைப் பயன்பாடு என்றால் உரிமம் பற்றி அந்தக் குழுவிடமே கேட்பது முறை. இரண்டாவது, ஒப்பீட்டுக் கூட்டம் புதிய மருந்துகள் சேரச் சேரப் புதுப்பிக்கப்படுகிறது, எல்லைக்கோடுகளும் நகர்கின்றன. போன வருடம் மஞ்சளாக இருந்தது இந்த வருடம் பச்சையாக வரலாம். ஆய்வேட்டில் வண்ணத்தை மட்டும் எழுதினால் பின்னால் வருபவர் சரிபார்க்க முடியாது. ஐந்து எண்களையும், அன்றைய எல்லைகளையும், ஓட்டிய தேதியையும், மாதிரி வடிவக் கோப்பையும் சேர்த்தே சேமித்து வையுங்கள். தள்ளிவைத்த வரிசைகளுக்கும் அப்படியே.